தங்கையிடம் சம்பளம் வாங்குகிறேன்

என் தங்கை என்னைவிட ஏழு வயது இளையவள். அவள் நடத்தும் அட்டைப்பெட்டித் தயாரிப்பு நிறுவனத்தில் நான் இரண்டரை ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் என் வங்கிக் கணக்கில் ஏறும் சம்பளத்துக்கு ஒப்புதல் தருபவள் அவள்தான். நான் எழுதும் விடுப்பு விண்ணப்பம் கடைசியில் போய்ச் சேரும் மேசையும் அவளுடையதுதான். புதிதாகப் பழகுகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டு, "குடும்பத் தொழில் என்று சொல்லுங்கள்" என்று எனக்காகத் திருத்திக் கொடுக்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது உண்மையில்லை. தொழில் அவளுடையது. எனக்கு அதில் பங்கு இல்லை, இயக்குநர் பதவி இல்லை. ஆர்டர் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஊழியன் நான். முதலாளி என் தங்கை.

தங்கை சொல்வதைக் கேட்டு நடப்பது கஷ்டமாக இல்லையா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கஷ்டம் இருந்தது, ஆனால் அவர்கள் தேடும் இடத்தில் இல்லை. மேலே இருப்பவர் சொன்னதைச் செய்வது எனக்கு 22 ஆண்டுகள் பழகிய காரியம். என்னைவிட வயதில் சிறியவர்களின் கீழும், என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்களின் கீழும் வேலை பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் மனம் ஒருவாறு தோல் தடித்துப் போயிருந்தது. என்னைத் திணறடித்தது வேறொன்று. பிறந்த நாளிலிருந்து அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையையும், செருப்பைக் கழற்றுவதுபோல, வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது.

முன்பு நான் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கிளையில் இருந்தேன். அந்தக் கிளையை மூடியபோது எனக்கு 49 வயது. எட்டு மாதம் வேலை தேடினேன். அந்த எட்டு மாதத்தைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை, தேடியவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் மாதத்தில் தங்கை தொலைபேசியில் அழைத்து, ஆர்டர்களைக் கவனிக்க நிதானமான ஆள் ஒருவர் தேவைப்படுகிறார் என்றாள். அந்த அழைப்புக்குப் பின்னால் அம்மா இருந்தாரா என்று அன்றே எனக்குச் சந்தேகம்; இன்றுவரை இருவரிடமும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்று நான் சொன்னதற்கு அவள், "வேண்டாம் அண்ணா, அலுவலகத்துக்கு வாருங்கள்" என்றாள். போனேன். ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள்: வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, ஆறு மாதம் தகுதிகாண் பருவம், அதற்குள் இருவரில் யாருக்கு ஒத்துவராவிட்டாலும் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகிக்கொள்ளலாம், அப்படி விலகினால் அதைப்பற்றி வீட்டில் பேச்சு எடுக்கக் கூடாது. கடைசி வரியைப் படித்தபோது சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் என்னைக் குத்திய வரி அதுவன்று. நான் யாரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அவளுடைய பெயருக்குப் பதிலாக உற்பத்தி மேலாளரின் பெயர் இருந்தது. அவர் என்னைவிட 12 வயது இளையவர். தங்கையின் நிறுவனத்தில் சேர்வதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு போனவனுக்கு, தங்கைக்கு நேர்கீழே உட்காரும் தகுதிகூட இல்லை என்று சொன்னதுபோல் இருந்தது. ஒரு வாரம் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகுதான் இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்த யோசனை புரிந்தது. குடும்பத்தார் நடத்தும் நிறுவனங்களை ஆராய்ந்த ரெனாட்டோ தாகியூரி, ஜான் டேவிஸ் என்ற இருவர் 1970களின் இறுதியில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஒரு படம் வரைந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும் மூன்று வட்டங்கள்: குடும்பம், உடைமை, நிறுவனம். இப்படிப்பட்ட தொழிலில் தொடர்புடைய எவரும் இந்த வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் ஏதோ ஒரு கட்டத்தில் நிற்கிறார். அவர் எதற்காகச் சண்டை போடுகிறார் என்பது பெரும்பாலும் அவர் நிற்கும் கட்டத்தைப் பொறுத்தது. தங்கை மூன்று வட்டமும் கூடும் நடுவில் நிற்கிறாள். நான் குடும்பத்திலும் நிறுவனத்திலும் இருக்கிறேன், உடைமையில் இல்லை. ஆனால் அவள் தொழில் தொடங்கியபோது முதல் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். கடன் எப்போதோ அடைந்துவிட்டது. அந்தக் கையெழுத்துக்கு இன்று எந்த மதிப்பும் இல்லை. இருந்தும் எனக்குள் ஒரு மூலையில் அது பங்குப் பத்திரம்போலவே பத்திரமாக இருந்தது. என்னை நேரடியாகத் தன் கீழே வைத்துக்கொண்டிருந்தால், வேலை பற்றிய ஒவ்வொரு பேச்சிலும் அந்தப் பத்திரத்தை நான் மனத்துக்குள் எடுத்து நீட்டியிருப்பேன். மேலாளரிடம் நீட்ட முடியாது, அவருக்கு அது தெரியவே தெரியாது. இதை அவள் எனக்கு முன்பே யோசித்திருந்தாள்.

சேர்ந்த முதல் நாளே எதிர்பாராத ஒரு தடங்கல் வந்தது. அது இலக்கணத்தில் வந்தது. வீட்டில் நான் அவளை "நீ" என்பேன், அவள் என்னை "நீங்கள்" என்பாள். அலுவலகத்தில் எல்லாரும் அவளை "மேடம்" என்கிறார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு "நீ அந்தக் கொட்டேஷனைப் பார்த்தாயா" என்று கேட்டால் அவளுடைய நாற்காலி ஒரு சாண் இறங்கிவிடும். "நீங்கள் பார்த்தீர்களா மேடம்" என்று கேட்க என் நாக்கு மறுத்தது. அது மரியாதையாக இராது, கிண்டலாகத்தான் ஒலிக்கும் என்று பயந்தேன். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களுக்கு முன்னிலையில் ஒரே சொல், வினைமுற்றிலும் மரியாதை தொங்குவதில்லை. தமிழில் யாரிடம் பேசுகிறோம் என்பதை முடிவுசெய்யாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முடியும் என்பதைச் சில நாட்களில் கண்டுகொண்டேன். "கொட்டேஷன் பார்த்தாயிற்றா?" "இதை அனுப்பிவிடலாமா?" "ஒரு கையெழுத்து வேண்டும்." "நாளைக்குள் முடியுமா?" தமிழில் வேண்டும், முடியும், கூடும், செய்யலாம் போன்ற வடிவங்களுக்கு ஆள் பேதம் கிடையாது, எதிரே நிற்பது அரசனானாலும் ஆறு வயதுக் குழந்தையானாலும் அவை மாறுவதில்லை. கூச்சப்படும் மனிதர்களுக்காகவே யாரோ அவற்றை மொழிக்குள் ஒளித்து வைத்ததுபோல் இருந்தது. மாமியாரிடம் மருமகன்கள் இப்படித்தான் பேசுகிறார்கள் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. படர்க்கையில்தான் சிக்கல் கூடியது. "சொன்னாள்" என்றால் வீடு, "சொன்னார்" என்றால் நடிப்பு. எனவே "உள்ளே சொன்னார்கள்", "உள்ளே கேட்கிறார்கள்" என்று அவளுடைய அறையை ஒரு பன்மையாக்கிவிட்டேன். இன்றும் அந்த நிறுவனத்தில் பலர் "உள்ளே" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நுழைத்தவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வாசலில் கழற்றி வைக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

சின்ன வயதில் அவளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுத்தவன் நான். அவளுடைய கட்டுரை நோட்டில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுப்பேன். அதை அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது நெடுவகுத்தல். விடை முழுதாக வராமல் மீதி நின்றால் அவளுக்குக் கோபம் வரும், பிறகு கோபம் அழுகையாக மாறும். எங்கேயோ தப்பு இருக்கிறது, எண்கள் இப்படி மிச்சம் வைக்கக் கூடாது என்று அடம்பிடிப்பாள். 26ஐ 4ஆல் வகுத்தால் 2 மீதி வருவதற்கு நான்தான் காரணம் என்பதுபோல என்னை அடித்திருக்கிறாள்.

அட்டைப்பெட்டித் தொழிலில் லாபம் பெரும்பாலும் மீதியில்தான் இருக்கிறது என்பதை அங்கே போன பிறகு தெரிந்துகொண்டேன். 1,400 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித ரீலிலிருந்து 450 மில்லிமீட்டர் தாள் வெட்டினால் மூன்று வரும், 50 மில்லிமீட்டர் ஓரம் கழிவாகப் போகும். ஒரு நாளில் ஓடும் ஆயிரக்கணக்கான மீட்டருக்கு அந்த 50 மில்லிமீட்டர் நாடா ஒரு குன்றாகக் குவியும். இரண்டு வேறு ஆர்டர்களின் தாள்களை ஒரே ரீலில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி அந்த ஓரத்தைக் குறைப்பதுதான் திட்டமிடுகிறவரின் திறமை. நான் சேர்ந்த மூன்றாம் நாள், காலைக் கூட்டத்தில் தங்கை ஒரு ரீல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மீதி ஏன் இவ்வளவு வருகிறது என்று மேலாளரிடம் கறாராகக் கேட்டாள். அறை இறுக்கமாக இருந்தது. இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்று நினைத்து நான், "சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கணக்கில் மீதி வந்தால் அழுகை வந்துவிடும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மேலாளர் தப்பித்தார். மீதி பற்றிய கேள்விக்கு அன்று பதில் வரவில்லை.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்து, "அண்ணா, அந்தக் கதையெல்லாம் இங்கே வேண்டாம்" என்றாள். அவளும் ஆள் பேதம் இல்லாத ஒரு சொல்லில்தான் அதைச் சொன்னாள். வழியெல்லாம் எனக்குக் கோபம். பாசத்தோடு சொன்னதைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லையே என்று என் மனைவியிடம் புலம்பினேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உங்கள் பழைய மேலதிகாரி அழுத கதை உங்களுக்குத் தெரிந்திருந்தால் கூட்டத்தில் சொல்லியிருப்பீர்களா?" என்று கேட்டாள். சொல்லியிருக்க மாட்டேன். அந்த அறையில் தங்கையைக் குழந்தையாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். என் ஒரு வாக்கியம் மற்ற 14 பேருக்கும் அந்தக் கண்ணைக் கொடுத்துவிட்டது. பாசம் என்று நான் நினைத்ததில் கொஞ்சம் பழிவாங்கலும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின. எந்தக் குற்றத்துக்குப் பழி என்று கேட்டால், எனக்கு வேலை கொடுத்த குற்றத்துக்கு.

உறவுக்காரர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்ற பழமொழியில் இளையவனுக்குக் கிடைத்திருப்பது அண்ணனுக்குப் பின்னால் நிற்கும் இடம்தான். இளையவர் முன்னால் போய்விட்டால் சொல்வதற்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள்: "மூத்தது மோழை, இளையது காளை." ஒரு விசேஷ வீட்டில் என் காதில் விழும்படியே இதைச் சொன்னார்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை அலசி, பிறப்பு வரிசைக்கும் ஒருவரின் குணத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு ஏதுமில்லை என்று சொல்கிறது. மோழையும் காளையும் அதோடு போயின. அதே ஆய்வில் அறிவுத்திறன் மதிப்பெண் மட்டும் மூத்தவர்களுக்கு மிகச் சிறிதளவு கூடுதலாக இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டித் தங்கைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "இந்த மாத டெஸ்பாட்ச் அறிக்கை இன்னும் வரவில்லை" என்று பதில் வந்தது.

என்னைப்போல் இளையவரின் கீழே வேலை பார்த்த மூத்தவர்களைத் தேடித் தேடிப் படித்த காலம் ஒன்று உண்டு. ராய் டிஸ்னி 1893இல் பிறந்தவர், வால்ட் டிஸ்னி 1901இல். 1923இல் அவர்கள் தொடங்கியபோது அந்தக் கார்ட்டூன் பட நிறுவனத்தின் பெயர் "டிஸ்னி சகோதரர்கள்" என்றுதான் இருந்தது. சில ஆண்டுகளிலேயே சகோதரர்கள் போய் வால்ட் டிஸ்னி என்று ஆயிற்று. ராய் கடைசிவரை கணக்கையும் கடனையும் பார்த்துக்கொண்டார். 1966 டிசம்பரில் தம்பி இறந்தபோது ஓய்வு பெறும் வயதைத் தாண்டியிருந்த அண்ணன், ஓய்வைத் தள்ளிப்போட்டு, தம்பி திட்டமிட்ட கேளிக்கை நகரத்தைக் கட்டி முடித்தார். அதற்கு வெறுமனே டிஸ்னி உலகம் என்றில்லாமல் வால்ட் டிஸ்னி உலகம் என்றே பெயர் இருக்க வேண்டும் என்றார். அது 1971 அக்டோபரில் திறக்கப்பட்டது. டிசம்பரில் அவர் இறந்துபோனார். பலரும் இதைத் தியாகக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பெயர் மாறிய அந்த நாளன்று ராய் வீட்டுக்குப் போய் என்ன பேசியிருப்பார் என்பதுதான் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொரு ஜோடி எனக்கு இன்னும் பிடிக்கும். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியின் தலைமையை 1975இல் இயன் சாப்பல் தாமாகவே விட்டார். அவரைவிட ஐந்து வயது இளைய தம்பி கிரெக் தலைவரானார். அண்ணன் ஓய்வு பெற்றுவிடவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான அடுத்த தொடரிலேயே தம்பியின் தலைமையில் ஆடினார். பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்ட்டில் தம்பி இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். வெற்றிக்கான ஓட்டங்கள் வந்தபோது ஒரு முனையில் தம்பி 109, மறுமுனையில் அண்ணன் 74, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. அந்த ஓட்டங்களுக்கு நடுவே யார் யாரை ஓடச் சொன்னார்கள்? ஆடுகளத்தில் அந்தக் கேள்விக்கு விதி இருக்கிறது. பந்து யார் கண்ணுக்கு முன்னால் போகிறதோ அவர் கூப்பிட வேண்டும்; தலைவரா, அண்ணனா என்பதற்கு அங்கே இடமில்லை. எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு விதி இல்லாததால்தான் பாதிக் குழப்பங்கள் வந்தன என்று நினைக்கிறேன்.

முதல் ஆண்டில் என்னிடம் வந்த கோரிக்கைகள் அத்தகையவை. முன்பணம் வேண்டுபவர், ஷிப்டு மாற வேண்டுபவர், மேலாளர்மேல் வருத்தம் உள்ளவர் எல்லாரும் என் மேசைக்கு வந்து, "நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு முறை சொன்னேன். அவள் மறுக்காமல் செய்துகொடுத்தாள். அடுத்த வாரம் என் மேசைக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். மேலாளர் என்னிடம் பேசுவதைக் குறைத்தார். இன்னொரு பக்கம், நான் உணவு இடைவேளையில் போய் உட்கார்ந்தால் அங்கே ஓடிக்கொண்டிருந்த பேச்சு திசை மாறும். மேலே போகும் வழியாக நினைத்தவர்களும், மேலே போகும் காதாக நினைத்தவர்களும் ஒரே ஆட்கள்தான். இந்த இரண்டையும் வாய்ப்பேச்சால் தீர்க்க முடியாது. ஓராண்டுக்குமேல் எதையும் உள்ளே கொண்டுபோகாமல் இருந்த பிறகுதான் பேச்சு என் முன்னாலும் தொடர்ந்தது.

அம்மா தனி வழி வைத்திருந்தார். என்னை அழைத்து, "அவள் உன்னைக் கடிந்து பேசுகிறாளா?" என்று கேட்பார், அவளை அழைத்து, "அண்ணன் மனம் கோணாமல் நடந்துகொள்" என்பார். இரண்டாவது அழைப்பு எனக்குத் தெரியாது என்றே அம்மா இன்னும் நம்புகிறார்.

இந்த ஏற்பாட்டில் இழப்பு எனக்கு மட்டும் என்று நீண்ட நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் அங்கே சேர்வதற்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரு மணி நேரம் புலம்புவாள். பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளர், சொல்லாமல் நின்றுவிட்ட ஊழியர், தனக்கு எதுவும் தெரியவில்லையோ என்ற பயம், எல்லாம் வரும். வேறு எங்கும் கொட்ட முடியாததை என்னிடம் கொட்டினாள். நான் சேர்ந்த வாரத்திலிருந்து அந்த அழைப்புகள் நின்றுவிட்டன. ஊழியர்களைப் பற்றி ஓர் ஊழியனிடம் எப்படிப் புலம்ப முடியும்? எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அவளுக்கு ஒரு அண்ணன் குறைந்தான். இதை நான் கவனிப்பதற்குள் ஓராண்டு போய்விட்டது. கவனித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாக அழைத்தேன்; இருவரும் பருவநிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம்.

சென்ற ஆண்டு நான் ஒரு பெரிய தவறு செய்தேன். புதிய வாடிக்கையாளர் ஒருவர் 2,400 ஐந்து அடுக்குப் பெட்டிகள் கேட்டிருந்தார். ஐந்து அடுக்கு என்றால் மூன்று தட்டைத் தாள்களுக்கு நடுவே இரண்டு நெளித்த தாள்கள். சுவரின் தடிமன் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் வரும். பெட்டித் தொழிலில் அளவு என்றால் பொதுவாக உள்ளளவுதான், ஏனென்றால் உள்ளே போகும் பொருள்தான் முக்கியம். நான் 22 ஆண்டுகள் இருந்த போக்குவரத்துத் துறையில் அளவு என்றால் வெளியளவு. வண்டியில் எத்தனை பெட்டி ஏறும் என்பதுதான் அங்கே கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்கள் கவலை இல்லை. உற்பத்திக்கு அனுப்பும் வேலைக் குறிப்பான ஜாப் கார்டில் 480, 360, 300 மில்லிமீட்டர் என்று எழுதி, வெளியளவு என்ற கட்டத்தில் குறி போட்டேன். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "சார், இது உள்ளளவாக இருக்குமோ?" என்று கேட்டார். "பெட்டி அளவு எனக்குத் தெரியும்" என்றேன். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அவர் வாடிக்கையாளரை அழைத்துக் கேட்டிருப்பார். முதலாளியின் அண்ணன் சொன்னதால் கார்டைக் கீழே அனுப்பிவிட்டார்.

பெட்டிகள் போய்ச் சேர்ந்த அன்றே பிற்பகலில் அழைப்பு வந்தது. நீளத்திலும் அகலத்திலும் 14 மில்லிமீட்டர் குறைவு. உயரத்தில், மேலும் கீழும் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், அதைவிடக் குறைவு. அவர்களுடைய பொருள் ஒரு பெட்டியிலும் இறங்கவில்லை. தங்கை என்னை அழைத்து, இரண்டே நாளில் புதிதாகச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டதைச் சொல்லிவிட்டு, "பரவாயில்லை அண்ணா, நடப்பதுதான். நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போங்கள்" என்றாள். நானும் போய்விட்டேன். இந்தக் கதையில் எனக்கு இன்றும் கூசுகிற இடம் அளவுத் தவறன்று. அந்தச் சொல்லைக் கேட்டு வீட்டுக்குப் போனதுதான்.

மறுநாள் காலை எந்திரம் ஓட்டுபவர் சொல்லித்தான் தெரிந்தது, இரவு மூன்றரை மணிவரை ஓட்டியிருக்கிறார்கள், பெட்டிகளுக்கு ஸ்டேப்பிள் பின் அடிக்கும் இடத்தில் தங்கையே நின்று எண்ணி அடுக்கியிருக்கிறாள். என் பக்கத்து மேசையில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அதற்கு முந்தைய மாதம் அவன் ஒரு ஜாப் கார்டில் ஐந்து அடுக்குக்குப் பதிலாக மூன்று அடுக்கு என்று எழுதிவிட்டான். வீணானது 300 பெட்டிகள்தான். அவனுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அன்று காலை அவன் என்னிடம் வழக்கம்போலவே பேசினான், சிரித்தான், பேனா கேட்டு வாங்கினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளுடைய அறைக்குள் போய், "எனக்குக் கடிதம் வரவில்லையே" என்றேன்.

"எந்தக் கடிதம்?"

"போன மாதம் அந்தப் பையனுக்குக் கொடுத்தது."

அவள் கொஞ்ச நேரம் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இரவே அதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்ததாகவும், இரண்டு முறை தொடங்கி இரண்டு முறை அழித்துவிட்டதாகவும் சொன்னாள். "உங்களை என்னவென்று விளித்து எழுதுவது என்று தெரியவில்லை அண்ணா. 'திரு' என்று போட்டேன், கை நகரவில்லை." இரண்டு ஆண்டுகளாக வினைமுற்றுகளுக்கு நடுவே ஒளிந்து திரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

"திரு என்றே போடலாம்" என்றேன்.

பிற்பகலில் கணக்குப் பிரிவுப் பெண் இரண்டு பிரதிகள் கொண்டுவந்து வைத்தார். முன்னெழுத்தோடு என் முழுப்பெயர், முன்னால் திரு. மேலாளர் எழுப்பிய ஐயத்தைப் பொருட்படுத்தாமல் தாங்கள் கார்டைத் திருத்தாமல் விட்டதால் நிறுவனத்துக்கு இன்னின்ன இழப்பு ஏற்பட்டது, இனி இத்தகைய தவறு நேர்ந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று நான்கு வாக்கியங்கள். அளவாக, நியாயமாக எழுதியிருந்தாள். கீழே அவளுடைய கையெழுத்து, பக்கத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று எனக்கான கோடு. மேலே, தடித்த எழுத்தில், "எச்சரிக்கை கடிதம்" என்று தலைப்பு.

பையில் சிவப்புப் பேனாவும் இருந்தது. நீலத்தை எடுத்துக் கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு பிரதி அலுவலகக் கோப்பில் இருக்கிறது, மற்றொன்று என் வீட்டு அலமாரியில். இரண்டிலும் அந்த "க்" இல்லை.